பெல்லட் துப்பாக்கிக்கு எந்தக் கண்காப்புக் கண்ணாடி? பார்வை இழப்பை அளவுகோலாக வைத்து ஒரு மதிப்புரை

துப்பாக்கியிலிருந்து வரும் பெல்லட் ஒன்று கண்ணைத் துளைத்த பிறகு அந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்வை அட்டையின் முன் உட்காரவைத்து அளந்து குறித்துக்கொள்வது என் வேலையின் ஒரு பகுதி. அந்த வேலையில் இருப்பவர்களுக்குக் கண்காப்புக் கண்ணாடி என்பது துப்பாக்கியோடு சேர்த்து விற்கப்படும் உபரிப் பொருளாகத் தோன்றாது. ஆகவே இந்த மதிப்புரையில் அழகு, எடை, நிறம் ஆகியவற்றுக்கு இரண்டாம் இடம்தான். கண்ணாடி இல்லாமல் பெல்லட் பட்டால் பார்வை எந்த நிலையில் முடிகிறது, இருந்தால் அந்த முடிவை எந்த அளவுக்கு மாற்ற முடியும் என்பதே என் அளவுகோல்.

நான்கு வகைகளை எடுத்துக்கொள்கிறேன்: அன்றாடம் அணியும் பவர் கண்ணாடி, பட்டறைகளில் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புக் கண்ணாடி, ராணுவத் தாக்குதல் சோதனையில் தேறிய, எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கண்ணாடி, தலையைச் சுற்றிய பட்டையோடு முகத்தில் ஒட்டி அமரும் காகிள்ஸ். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கு அட்டையை நோக்கி ஏர்கன் என்ற காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடுபவர்களுக்கும், ஒரே சூட்டில் பல ரவைகளை வீசும் ஷாட்கன்னில் பயிற்சி செய்பவர்களுக்கும் மூன்றாம் வகைதான் குறைந்தபட்சத் தேவை. ஒருவரை ஒருவர் நோக்கிச் சுடும் விளையாட்டுகளுக்குக் காகிள்ஸோடு இணைந்த முழு முகக் கவசம் இல்லாமல் களத்தில் இறங்கவே கூடாது. பட்டறைக் கண்ணாடி வெறுங்கண்ணைவிட மேலானது, ஆனால் போதுமானதன்று. பவர் கண்ணாடியை மட்டும் நம்பித் துப்பாக்கியை எடுப்பதைத் தவறு என்றே சொல்வேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்குப் பெல்லட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏர்கன்னில் பரவலாகப் பயன்படும் ஈயப் பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ அரை கிராம். அதே விட்டமுள்ள எஃகு உருண்டையின் எடை 0.35 கிராம் அளவில் இருக்கும். இவை குழலைவிட்டு விநாடிக்கு 100 மீட்டர் முதல் 300 மீட்டர் வரையிலான வேகத்தில் வெளியேறுகின்றன. பன்றிக் கண்களைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனைகளில், விநாடிக்கு ஏறத்தாழ 75 மீட்டர் வேகத்தில் வந்த எஃகு உருண்டைகளே பாதிக்குப் பாதி கண்ணைத் துளைத்துவிட்டன. அதாவது சிறுவர்களுக்கு ஏற்றது என்று சொல்லி விற்கப்படும் வலுக்குறைந்த ஏர்கன்கூடக் கண்ணைப் பொறுத்தவரை வலுவான ஆயுதமே. விழிக்கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலமான கருவிழியின் தடிமன் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். விழியை அசைக்கும் தசைகள் வந்து சேரும் இடத்துக்குப் பின்னால் வெள்விழியின் தடிமன் 0.3 மில்லிமீட்டர்தான். இத்தனை மெல்லிய சுவருக்கு எதிரே அந்தப் பெல்லட் வருகிறது.

மெல்லிய கம்பித் துண்டோ கண்ணாடிச் சில்லோ கண்ணைக் குத்தும்போது அது வெட்டிக்கொண்டு உள்ளே போகிறது. வெட்டுக்கு அப்பால் உள்ள திசு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பெல்லட் அப்படியன்று. முனை மழுங்கிய உருண்டை என்பதால் முதலில் கண்ணை நசுக்குகிறது, உள்ளிருக்கும் அழுத்தத்தை ஏற்றுகிறது, அதன் பிறகே கிழிக்கிறது. எனவே ஒரே கண்ணில் துளைக் காயமும் அடிக் காயமும் சேர்ந்தே நேர்கின்றன. கருவிழியின் வழியே புகுந்தால் பாவையைச் சுற்றியுள்ள நிறப்படலமான கருவிழித்திரை கிழிகிறது, லென்ஸ் சிதைகிறது, கண்ணை நிரப்பியிருக்கும் பாகு போன்ற விட்ரியஸ் இரத்தத்தால் கலங்குகிறது, விழித்திரை கிழிந்து விலகுகிறது. வேகம் மிச்சமிருந்தால் பின்சுவரையும் துளைத்துக் கண்குழியில் போய்த் தங்குகிறது. கண் காய வகைப்பாட்டில் புகுந்த துளை மட்டும் உள்ள காயத்தையும், புகுந்த துளையோடு வெளியேறிய துளையும் உள்ள காயத்தையும் தனித்தனியாகக் குறிப்பது இதனால்தான். இரண்டுக்கும் முடிவுகள் பெரிதும் வேறுபடுகின்றன.

முடிவை முன்கூட்டியே மதிப்பிடுவதற்குக் கண் மருத்துவர்களிடம் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ஆக்குலர் டிராமா ஸ்கோர் என்ற அந்த முறை, அமெரிக்க, ஹங்கேரியக் கண் காயப் பதிவேடுகளில் இருந்த 2500-க்கும் மேற்பட்ட கண்களின் விவரங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டு 2002-இல் வெளியானது. காயம்பட்டவர் வந்து சேரும்போது இருக்கும் பார்வைக்கு முதலில் மதிப்பெண் தரப்படுகிறது: வெளிச்சமே தெரியாவிட்டால் 60, வெளிச்சமோ கையசைவோ மட்டும் தெரிந்தால் 70, 6/12 (இயல்பான பார்வையுள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் பார்வை) அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தால் 100. அதிலிருந்து காயத்தின் தன்மைக்கேற்பக் கழிக்கிறார்கள்: விழிக்கோளம் வெடித்திருந்தால் 23, உட்கண்ணில் சீழ்த்தொற்று இருந்தால் 17, இருபுறமும் துளைத்திருந்தால் 14, விழித்திரை விலகியிருந்தால் 11, வெளிச்சம் பட்டும் பாவை உரியபடி சுருங்காவிட்டால் 10.

பெல்லட் இருபுறமும் துளைத்துச் சென்ற ஒரு கண்ணை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கையசைவு மட்டும் தெரிகிறது, எனவே 70. இருபுறத் துளைக்கு 14 போனால் 56, விழித்திரை விலகலுக்கு 11 போனால் 45, பாவை சரிவர இயங்காததற்கு 10 போனால் 35. மதிப்பெண் 44 வரை உள்ள கண்கள் ஐந்து பிரிவுகளில் மிக மோசமான முதல் பிரிவைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று கண்கள் இறுதியில் வெளிச்சத்தைக்கூட உணர முடியாத நிலையில் முடிந்திருக்கின்றன. மாறாக, கருவிழியில் சிறு துளையோடு நின்று, வந்து சேரும்போது 6/18 பார்வை இருக்கும் கண்ணுக்குக் கழிவு எதுவும் இல்லாமல் 90 மதிப்பெண் கிடைக்கிறது. அந்தப் பிரிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று கண்கள் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வையை அடைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில் மிகப் பெரிய பங்கு அறுவை அரங்குக்கு வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பெல்லட் எந்த இடத்தில் புகுந்தது, எவ்வளவு வேகத்தோடு புகுந்தது, எவ்வளவு ஆழம் சென்றது என்பவை நேர்ந்து முடிந்துவிட்ட செய்திகள்; அவற்றை எந்தக் கையாலும் மாற்ற முடியாது.

அறுவை சிகிச்சையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். முதல் நாளில் புகுந்த காயத்தைத் தைத்து மூடுகிறார்கள். பின்சுவரில் உள்ள வெளியேறிய துளையைப் பெரும்பாலும் தைப்பதில்லை. அதை எட்டுவதற்காகக் கண்ணை அழுத்தினால் உள்ளிருப்பது வெளியே பிதுங்கிவிடும் என்பதால், அது தானாகவே மூடிக்கொள்ள விடுகிறார்கள். பிறகு, பல சமயங்களில் ஒன்றிரண்டு வாரங்களுக்குள், விட்ரெக்டமி செய்து கலங்கிய விட்ரியஸை அகற்றி, விழித்திரையைப் படியவைத்து, வாயுவையோ சிலிக்கான் எண்ணெயையோ நிரப்புகிறார்கள். இத்தனைக்கும் பிறகு தழும்புத் திசு விழித்திரையின் மேல் வளர்ந்து, அதைச் சுருக்கி, மறுபடியும் இழுத்து விலக்குவதுண்டு. பெல்லட் காயங்களில் நன்றாகச் செய்யப்பட்ட அறுவைகள்கூடத் தோற்றுப்போவதற்கு இது முதன்மையான காரணங்களில் ஒன்று. விழித்திரை படிந்து, கண் சுருங்காமல் நின்றால் அறுவை அளவில் அது வெற்றி. ஆனால் விழித்திரையின் நடுப்புள்ளியில் தழும்பு விழுந்திருந்தால், அந்த வெற்றிபெற்ற கண்ணால் எதிரில் நிற்பவரின் முகத்தை அடையாளம் காண முடியாது.

அட்டையில் எழுத்துகளைப் படித்துவிட்டாலும் துயரம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழிந்த கருவிழித்திரை வெளிச்சத்துக்கு ஏற்பச் சுருங்காது. 6/18 வரை படித்துக் காட்டியவர் அறையைவிட்டு வெயிலுக்கு வந்தவுடன் கையால் கண்ணை மறைத்துக்கொள்வார். இயற்கை லென்ஸ் போய், செயற்கை லென்ஸ் வைக்க இடமில்லாத கண்ணுக்குக் கான்டாக்ட் லென்ஸ்தான் வழி. அதையும் தழும்பேறிய கருவிழி எப்போதும் தாங்குவதில்லை. இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு போய்விட்டால், குவளையில் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பைத் தவறவிடுகிறார்கள், படியின் கடைசிக் கட்டில் கால் தடுமாறுகிறார்கள். எட்டு ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தையாக இருந்தால், காயம் ஆறிய பின்னும் அந்தக் கண்ணின் படத்தை மூளை ஒதுக்கிவைத்துவிடும் சோம்பேறிக் கண் என்ற கூடுதல் இழப்பும் காத்திருக்கிறது. மிக அரிதாக, காயம்படாத மறு கண்ணிலும் உடலின் எதிர்ப்புத் திறனே அழற்சியை உண்டாக்கிவிடுகிறது. லூயி பிரெய்ல் தம் மூன்றாம் வயதில், 1812-இல், தோல் தைக்கும் கருவியால் ஒரு கண்ணைக் காயப்படுத்திக்கொண்டு பிறகு இரு கண்களையும் இழந்ததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

பெல்லட் துளைக்காமல் போனாலும் கண் தப்பியது என்று பொருளில்லை. பக்கவாட்டில் கண்குழிக்குள் புகுந்து கண்ணைத் தொடாமல் சென்ற பெல்லட்கூட, அதிர்வினாலேயே விழித்திரையையும் அதன் அடிப்படலத்தையும் கிழித்துவிடும். கண்ணின் முன்னறையில் இரத்தம் தேங்கி வடிந்து, எல்லாம் சரியாகிவிட்டதென்று வீட்டுக்குப் போனவருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கண் அழுத்த நோய் வரலாம். கண்ணுக்குள் சுரக்கும் நீர்மம் வடியும் கோணம் அன்றே கிழிந்திருக்கும். அவர் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். கண்காப்புக் கண்ணாடி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் காதுக் கம்பியின் உட்புறமும் லென்ஸின் மூலையும்தான். அங்கே தரக் குறி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கத் தரமான இசட் 87.1-இல் கூட்டல் குறியோடு இசட் 87+ என்று இருந்தால், 6.35 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை விநாடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் வாங்கித் தேறிய கண்ணாடி அது என்று பொருள். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய இஎன் 166 தரத்தில் எஃப் என்ற எழுத்து, 0.86 கிராம் எடையுள்ள 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் தாங்கியதைக் காட்டுகிறது. பி என்றால் 120 மீட்டர், ஏ என்றால் 190 மீட்டர். இந்தத் தரத்தில் காதுக் கம்பியுள்ள கண்ணாடிகளுக்கு எஃப்தான் உச்சம். பி காகிள்ஸுக்கும் முகத்தட்டுக்கும் உரியது, ஏ முகத்தட்டுக்கு மட்டுமே உரியது.

இந்த எண்களை ஆற்றலாக மாற்றிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஆற்றலை அளக்கும் அலகான ஜூலில் சொன்னால், எஃப் தரத்தின் சோதனை ஆற்றல் ஒரு ஜூலுக்கும் குறைவு. இசட் 87+ கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.1 ஜூல். பி தரத்துக்கு 6 ஜூலைச் சற்றே தாண்டும். அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வந்தால் அதனிடம் இருப்பது 10 ஜூல். ஆக, பட்டறைக்கென்று செய்த கண்ணாடியை அணிந்துகொண்டு நேரடி ஏர்கன் சூட்டை எதிர்கொள்வதென்றால், அது சோதிக்கப்பட்டதைப் போல ஒன்பது பத்து மடங்கு ஆற்றலை எதிர்கொள்கிறோம். ஆற்றல் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. ஈயம் மோதும்போது தட்டையாகி ஆற்றலில் ஒரு பங்கை இழக்கும், எஃகு உருண்டை அப்படி இழக்காது. நல்ல பாலிகார்பனேட் தன் குறியில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தாங்குவதும் உண்டு. ஆனால் பொறிக்கப்படாத வாக்குறுதியின் மேல் கண்ணைப் பணயம் வைக்கக் கூடாது.

மூன்றாம் வகை உயர்ந்து நிற்பது இந்த இடத்தில்தான். மில்-பிஆர்எஃப் 32432 என்ற அமெரிக்க ராணுவத் தர விவரம், காதுக் கம்பியுள்ள கண்ணாடியை ஏறத்தாழ 0.38 கிராம் எடையுள்ள, வெடிச்சிதறலைப் போல முனை செதுக்கிய எஃகுத் துண்டால், விநாடிக்கு ஏறத்தாழ 195 மீட்டர் வேகத்தில் சோதிக்கிறது. அது 7 ஜூல். காகிள்ஸுக்கு ஏறத்தாழ 1.1 கிராம் துண்டும், விநாடிக்கு 168 மீட்டர் வேகமும். அது 15 ஜூலைத் தாண்டுகிறது. உருண்டையைவிட விளிம்புள்ள துண்டு துளைப்பதற்கு எளிது என்பதால், இந்தச் சோதனையில் தேறுவது எண் காட்டுவதைவிடக் கடினமானது. ஷாட்கன்னில் களிமண் தட்டுகளைச் சுடப் பயன்படும் ஏழரை எண் ரவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் விட்டமும் 0.08 கிராம் எடையும் கொண்டது. குழல்வாயில் விநாடிக்கு 350 மீட்டர் வேகம் என்று கொண்டால் ஏறத்தாழ 5 ஜூல். தொலைவு கூடக்கூட அது விரைவாகக் குறைகிறது. தெறித்தும் வழிதவறியும் வரும் அத்தகைய ரவைக்கு எதிரே ராணுவத் தரக் கண்ணாடியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ‘ராணுவத் தரம்’, ‘குண்டு துளைக்காது’ என்ற சொற்களை அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்டு, கண்ணாடியில் எந்தக் குறியும் இல்லாமல் விற்கப்படும் பொருள்கள் ஏராளம். தர விவரத்தின் எண் என்ன, எந்தச் சோதனைக்கூடம் சான்றளித்தது என்று கேட்டால் பதில் வராது. இந்தச் சொற்களுக்குச் சட்டத்தில் பிடி இல்லாத இடங்களில் யாரும் எதையும் அச்சிடலாம். அத்தகைய கண்ணாடியை வெறும் வெயில் கண்ணாடியாகவே மதிக்க வேண்டும். அதை அணிந்துகொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நம்பி, இலக்குக்கு அருகே சென்று நிற்பவருக்கு அது தீங்கையே செய்கிறது.

லென்ஸின் வலுவைவிடவும் பொருத்தம் முக்கியம் என்பேன். லென்ஸ் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அதற்கும் கன்னத்துக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், தரையிலோ இரும்புத் தகட்டிலோ மோதித் தெறிக்கும் எஃகு உருண்டை கீழிருந்து மேலே அந்த வழியாகவே வரும். முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று இப்படிப் பாருங்கள்: கண்ணாடியை அணிந்து, தலையை நேராக வைத்து, ஒரு பேனாவின் முனையைப் புருவத்தின் மேலிருந்தும், நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்தும், கன்னத்திலிருந்தும் மெல்லக் கொண்டுவாருங்கள், சட்டத்தைத் தொடாமல் இமையை எட்டும் வழி ஏதேனும் இருந்தால் அந்த அளவு உங்களுக்கு உரியதன்று. குனிந்து தலையை அசைத்தால் கண்ணாடி நழுவக் கூடாது. பின்னந்தலையில் மாட்டும் பட்டை பலருக்கும் தேவையற்றதாகத் தோன்றினாலும், முதல் அடியில் கண்ணாடி பறந்துவிட்டால் இரண்டாவது ரவைக்குத் தடையில்லை. ஷாட்கன் ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கான ரவைகளை வீசும் ஆயுதம் என்பதை மறக்கக் கூடாது.

ஒளியியல் தரத்தில் பாலிகார்பனேட் சிறந்ததன்று என்பதை மறைக்கத் தேவையில்லை. அதன் ஒளிவிலகல் எண் 1.586 என்பதால் லென்ஸ் மெல்லியதாக அமைகிறது. ஆனால் நிறப்பிரிகையைக் குறிக்கும் ஆபே எண் 30 அளவில்தான் இருக்கிறது, சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸுக்கு அது 58. எனவே ஓரத்தின் வழியே பார்க்கும்போது வெள்ளைக் கோட்டின் விளிம்பில் மெல்லிய நீலமோ மஞ்சளோ தெரியும். பவர் இல்லாத கண்ணாடியில் இதைப் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். பவர் கூடினால் கவனிப்பார்கள். டிரைவெக்ஸ் என்ற பொருளின் ஆபே எண் 43-க்கு மேல். வலுவும் பாலிகார்பனேட்டுக்கு நெருங்கியது. பவர் வைத்துச் செய்பவர்கள் அதையும் கேட்டுப் பார்க்கலாம். புற ஊதாக் கதிரைப் பாலிகார்பனேட் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அதற்கென்று தனிப் பூச்சுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பனிமூட்டம் படிவதுதான் நடைமுறையில் மிகப் பெரிய எதிரி. சாயம் நிரம்பிய உருண்டைகளால் சுடும் பெயின்ட்பால், சிறு பிளாஸ்டிக் உருண்டைகளால் சுடும் ஏர்சாஃப்ட் ஆகிய விளையாட்டுகளில் கண் காயங்கள் பெரும்பாலும் கண்காப்பு இல்லாதபோதோ, வியர்வையால் மங்கிய லென்ஸைத் துடைப்பதற்காகக் கவசத்தை உயர்த்திய நேரத்திலோதான் நேர்கின்றன. பெயின்ட்பால் உருண்டை பெரியது, அதன் விட்டம் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். எனவே அது துளைப்பதைவிட விழிக்கோளத்தை வெடிக்கவைக்கும் ஆபத்தே அதிகம். காகிள்ஸ் வாங்கும்போது இரட்டை லென்ஸும் காற்றுத் துளையும் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெயின்ட்பாலுக்கென்றே உள்ள ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்ற அமெரிக்கத் தரத்தை அதில் தேட வேண்டும். ஐரோப்பியக் குறியில் என் என்ற எழுத்து பனிமூட்டத்தை எதிர்க்கும் தன்மையையும், கே கீறலை எதிர்க்கும் தன்மையையும் காட்டும். மங்கிப்போகும் கண்ணாடி கழற்றப்படும். கழற்றிய கண்ணாடி எவ்வளவு உறுதியானதாக இருந்தும் பயனில்லை.

பவர் கண்ணாடி அணிபவர்கள் பலர், தங்களுக்குத் தனியாக எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். கனிமக் கண்ணாடியும் சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸும் அடிபட்டால் உடைந்து, பெல்லட்டோடு சில்லுகளையும் கண்ணுக்குள் சேர்த்து அனுப்பும். பாலிகார்பனேட் லென்ஸாகவே இருந்தாலும், சாதாரண ஃபிரேமின் பள்ளத்திலிருந்து அது பின்பக்கமாகப் பிதுங்கிக் கண்ணில் மோதலாம். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன: பவர் கண்ணாடிக்கு மேல் அணியக்கூடிய பெரிய காகிள்ஸ், அல்லது ராணுவத் தரக் கண்ணாடியின் உட்புறத்தில் மாட்டும் சிறிய பவர் சட்டம். இரண்டாவது வழியில் இமைமுடி லென்ஸில் உரசும் தொல்லையும் இரண்டு பரப்புகளில் பனி படியும் தொல்லையும் உண்டு. இருந்தும் சுடும்போது கண்ணின் நிலை மாறாமல் இருப்பதால் அதையே விரும்புகிறேன். உட்சட்டத்தின் லென்ஸும் பாலிகார்பனேட்டாகவே இருக்க வேண்டும் என்று கண்ணாடிக் கடையில் எழுதிக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் சாதாரண லென்ஸ் வந்துவிட வாய்ப்புண்டு.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக: அசிட்டோன், தின்னர் போன்றவை பாலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கி அதன் வலுவைக் குறைக்கும், தண்ணீரும் இளஞ்சோப்பும் போதும். ஒருமுறை பெல்லட் பட்ட லென்ஸ், வெறும் பள்ளமாகத் தெரிந்தாலும், உடனே மாற்றப்பட வேண்டும்.

எந்தக் கண்ணாடியாலும் செய்ய முடியாதவையும் உண்டு. நெருக்கத்தில் சுடப்பட்ட ஷாட்கன்னுக்கு எதிரே இவை எதுவும் பாதுகாப்பாகாது. வலுக்கூடிய ஏர்கன்னை அருகிலிருந்து கண்ணை நோக்கிச் சுட்டால் ராணுவத் தரமும் அதன் எல்லையைத் தாண்டிவிடும். அப்போதும் பெல்லட் தன் ஆற்றலின் ஒரு பங்கை லென்ஸில் செலவழித்துவிட்டுத்தான் கண்ணை அடைகிறது. மேலே சொன்ன மதிப்பெண் கணக்கில், இருபுறத் துளையாக முடிந்திருக்க வேண்டியது ஒருபுறத் துளையாக நிற்பதும், துளையாக வேண்டியது அடிக் காயமாக நிற்பதும் சிறிய ஆதாயங்கள் அல்ல.

கண்ணாடியை மீறிக் காயம் நேர்ந்துவிட்டால், கண்ணைக் கழுவவோ தேய்க்கவோ கூடாது, உள்ளே தெரியும் எதையும் பிடுங்கக் கூடாது, கட்டுப்போட்டு அழுத்தக் கூடாது. புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் மட்டும் படும்படி கெட்டியான ஒரு மூடியையோ காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தையோ கண்ணுக்கு மேல் ஒட்டி, எதுவும் உண்ணாமல் குடிக்காமல், கண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும். சுட்டது ஈயமா எஃகா என்று தெரிந்தால் முதலிலேயே சொல்லுங்கள். முடிந்தால் அதே பெட்டியிலிருந்து ஒரு பெல்லட்டை எடுத்துச் செல்லுங்கள். ஈயம் கண்ணுக்குள் பெரிதாக வினைபுரிவதில்லை; எஃகிலுள்ள இரும்பு கரைந்து விழித்திரையை நாளடைவில் நச்சாக்கும். எஃகுத் துண்டு உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுத்தால் காந்தம் அதை இழுத்து நகர்த்திவிடும். சிடி ஸ்கேன்தான் உரிய பரிசோதனை.

கடைசியாக, ஏற்கெனவே ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒற்றைக் கண் பார்வை உள்ளவர் துப்பாக்கியைத் தொடாத நாளிலும் பாலிகார்பனேட் லென்ஸையே அணிய வேண்டும். பயிற்சிக் களத்தில் காகிள்ஸுக்குக் குறைவான எதையும் ஏற்கக் கூடாது. சிறுவர்களுக்கு, பெரியவர்களின் கண்ணாடியைப் பட்டையால் இறுக்கி மாட்டிவிடுவது பரவலாக நடக்கிறது. மூக்குப்பாலம் அகலமாக இருப்பதால் அது கன்னத்தில் இறங்கி, புருவத்துக்கு மேல் வழியைத் திறந்துவிடுகிறது. சிறிய முகத்துக்கென்றே அளவெடுத்து, தரக் குறியும் பொறித்து வரும் கண்ணாடிகள் குறைவாகவே கிடைக்கின்றன; அப்படி ஒன்று கிடைக்கும் வரை அந்தப் பிள்ளையின் கையில் ஏர்கன்னைத் தரக் கூடாது, சுடுபவரின் அருகில் நிற்கவும் விடக் கூடாது.